பனியில் புதைந்த காரை வெளியே எடுப்பது: முதல் குளிர்காலம் காண்பவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

கனடாவின் ரொறன்ரோவில், ஸ்காபரோ பகுதியில் எங்கள் வீட்டு பேஸ்மன்ற்றில் (நிலக்கீழ்த் தளத்தில்) இதுவரை மூன்று பிள்ளைகள் வாடகைக்கு இருந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மூன்று பேருக்கும் முதல் குளிர்காலத்தில் ஒரே கதைதான். காலை ஆறு மணிக்கு வேலை. இரவு முழுக்கப் பனி கொட்டியிருக்கும். பனி ஒதுக்கும் ட்ரக் வந்து வீதியை வழித்து, வழித்ததை எல்லாம் ட்றைவ்வே (வீட்டு முன் கார் நிறுத்தும் பாதை) வாசலில் வயல் வரம்பு மாதிரி விட்டுவிட்டுப் போயிருக்கும். பிள்ளை அவசரத்தில் காரைப் பின்னால் எடுத்து அந்த வரம்பில் ஏற்றிவிடும். அதற்குப் பிறகு அந்தத் தெருவில் யாருக்கும் தூக்கம் இல்லை.

கடைசியாக இருந்த தம்பி இருபது நிமிடம் சில்லைச் சுழற்றிய பிறகுதான் நான் சாரத்துக்கு மேல் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். ரப்பர் எரிந்த மணம் வாசல் வரை அடித்தது.

“அண்ணை, கார் போகுதில்லை.”

“கேக்குது. முதல் காலை எடு.”

கீழே எழுதியிருப்பதெல்லாம் அந்த ஒரு வரியின் விரிவு என்று வைத்துக்கொள்ளலாம். பனியில் மாட்டிய கார் பெரும்பாலும் ஷவலால்தான் வெளியே வரும், காஸை (அக்சிலரேற்றரை) அமத்துவதால் அல்ல. வீட்டு வாசல், தெரு, கடை வாகனத் தரிப்பிடம் ஆகியவற்றில் மாட்டிய காருக்கான ஒழுங்கு இது. பெருந்தெருவில் மாட்டினால் கதை வேறு, அதைப் பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

1. நவம்பரிலேயே காருக்குள் வைக்க வேண்டியவை

முதலாவது, ஒரு சிறிய ஷவல். மடக்கக்கூடியதாக இருந்தால் நல்லது, விளிம்பு உலோகமாக இருக்க வேண்டும். முழுப் பிளாஸ்டிக் ஷவல் புதுப்பனிக்குச் சரி. ரயரைச் சுற்றி இறுகிய ஐஸில் இரண்டு குத்துக் குத்தினால் உடைந்துபோகும்.

இரண்டாவது, மணல். ஹாட்வெயார் கடைகளில் குளிர்காலத்துக்கென்றே மணல் பை விற்கிறார்கள். பழைய பால் ஜாடி இரண்டில் நிரப்பி வைத்தால் கையாள வசதி, பை கிழிந்து டிக்கி முழுக்கக் கொட்டாது. புதிதாக வருபவர்கள் எல்லோரும் உப்பைத்தான் வாங்குகிறார்கள். உப்பு வேறு வேலைக்கு, ஏன் என்று ஐந்தாம் பகுதியில் சொல்கிறேன்.

அப்புறம் தடித்த கையுறை இரண்டு சோடி (ஒன்று நிச்சயம் நனையும்), ரோர்ச், ஐஸ் சுரண்டி, ஒரு போர்வை, போனுக்குச் சார்ஜ் ஏற்றும் வயர். இழுவைக் கொளுக்கியும் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலான கார்களில் உதிரிச் சில்லு அல்லது ஜாக் இருக்கும் இடத்தில் ஒரு கனத்த இரும்பு வளையம் கிடக்கும். பழைய கார் வாங்கியவர்களுக்கு அது தொலைந்தே போயிருக்கும், தேவைப்படும் அன்றுதான் தெரியவரும்.

வின்ரர் ரயரைப் பற்றி ஒரு வார்த்தை. 7 பாகை செல்சியஸுக்குக் கீழே சாதாரண ரயரின் ரப்பர் இறுகத் தொடங்கும், பிடிமானம் குறையும். மூன்று முகடு மலையும் அதற்குள் பனித்துகளும் போட்ட அடையாளம் ரயரின் பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்து மாகாணமான கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை இது சட்டப்படி கட்டாயம். நாங்கள் இருக்கும் ஒன்ராறியோவில் கட்டாயமில்லை, ஆனால் 2016 முதல் வின்ரர் ரயர் போட்டவர்களுக்குக் காப்புறுதி நிறுவனங்கள் கழிவு கொடுக்க வேண்டும். கேட்டால்தான் கொடுப்பார்கள், கேளுங்கள்.

2. காலை எடுங்கள்

சில்லு சுழல்கிறது, கார் நகரவில்லை என்றால் இரண்டு விநாடிக்குள் நிறுத்துங்கள். சுழலும் ரயர் உரசிச் சூடாகும். அந்தச் சூட்டில் கீழே உள்ள பனி உருகும். நிறுத்தியதும் அதே நீர் உறைந்து கண்ணாடி போலாகிவிடும். பனியில் மாட்டிய காரை ஐஸில் மாட்டிய காராக மாற்றுவது நம்முடைய வலது கால்தான். ஒவ்வொரு சுழற்சிக்கும் ரயர் தன் குழியையும் ஆழமாக்கிக்கொண்டே போகும்.

வேகமாகச் சுழற்றினால் இன்னொரு ஆபத்தும் உண்டு. ஒரு சில்லு மட்டும் சுழன்று மற்றது நிற்கும்போது, சுழல்கிற சில்லு ஸ்பீடோமீற்றர் காட்டுவதைப்போல் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடும். முள் 50 என்றால் சில்லு 100. ரயர் வெடித்துச் சிதறலாம். பக்கத்தில் நின்று யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் அவர் கதி என்ன?

3. புகைக்குழாயைத் துப்புரவாக்குங்கள்

கியரை பார்க்கில் போட்டு இறங்குங்கள். நேராகக் காரின் பின்பக்கம் போங்கள். புகைக்குழாயின் வாயில் பனி அடைத்திருந்தால் கையால் தோண்டி எடுத்து, சுற்றிலும் ஒரு முழம் அளவு இடம் விடுங்கள்.

எல்லோரும் தவறவிடும் படி இதுதான். பின்பக்கமாக வரம்பில் ஏறிய காரில் குழாய் நேராகப் பனிக்குள் செருகி நிற்கும். வெளியேற வழியில்லாத புகை காருக்கு அடியில் தேங்கி உள்ளே வரும். அதில் இருக்கும் காபன் மொனொக்சைட் மணக்காது, கண்ணுக்கும் தெரியாது. குளிருக்குப் பிள்ளைகளை உள்ளே இருத்தி ஹீற்றரைப் போட்டுவிட்டு அப்பா வெளியே தோண்டிக்கொண்டிருக்கும் காட்சியை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். தோண்டி முடியும் வரை இயந்திரத்தை நிறுத்திவிடுங்கள். பிள்ளைகள் வீட்டுக்குள் போகட்டும்.

மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள் நான்காம் படிக்குப் போகலாம்.

4. எது பிடித்திருக்கிறது என்று பார்த்துவிட்டுத் தோண்டுங்கள்

ஷவலைத் தூக்குவதற்கு முன் குனிந்து காருக்கு அடியில் பாருங்கள். முழங்கால் நனையும், பரவாயில்லை. மூன்று விதமாகக் கார் மாட்டும்.

ரயருக்கு முன்னால் பனி குவிந்து தடுப்பது ஒன்று. இது சுகமான வகை.

ரயர் ஐஸ் குழிக்குள் உட்கார்ந்திருப்பது இன்னொன்று. முதல் நாள் சூடான ரயரோடு வந்து பனியில் நிறுத்தினால் கீழே கொஞ்சம் உருகி, இரவில் உறைந்து, ரயரின் அச்சிலேயே ஒரு கிண்ணம் உண்டாகிவிடும். மேலே பார்த்தால் பனியே இல்லை என்று தோன்றும்.

மூன்றாவதுதான் மோசம்: காரின் வயிறு பனிமேல் ஏறி நிற்பது. சாதாரண செடான் ஒன்றின் அடிப்பகுதி நிலத்திலிருந்து 13 முதல் 15 சென்ரிமீற்றர் உயரத்தில்தான் இருக்கிறது. அதற்குமேல் உயர்ந்த இறுகிய பனியில் ஏறினால் காரின் எடை பனியில் தங்கிவிடும், சில்லுக்கு எடை இறங்காது. எடை இல்லாத சில்லுக்கு மணல் போட்டாலும் சரி, பாய் போட்டாலும் சரி, பலன் இல்லை. பேஸ்மன்ற்றுத் தம்பிக்கு நடந்தது இதுதான். இருபது நிமிடமும் அவன் சுழற்றியது அந்தரத்தில்.

வயிறு மாட்டியிருந்தால் முதலில் அடியில் உள்ளதை இழுத்து எடுக்க வேண்டும். பக்கவாட்டில் நின்று, நீண்ட கைப்பிடி ஷவலையோ விளக்குமாற்றுத் தடியையோ அடியில் விட்டு வெளிப்பக்கமாக வாருங்கள். ஜாக் போட்டுத் தூக்கிவிட்டு அடியில் தலையை விடாதீர்கள். பனிமேல் வைத்த ஜாக் வழுக்கும்.

அதன்பின் ரயர்கள். எந்தப் பக்கம் போகப்போகிறீர்கள் என்று முடிவெடுத்து, அந்தப் பக்கம் நான்கு ரயருக்கும் முன்னால் தோண்டுங்கள். இயங்கும் சில்லுக்கு மட்டும் தோண்டுவது வழக்கமான பிழை. முன்சில்லு இழுக்கும் காரிலும் பின்சில்லுகள் பனியை உழுதுகொண்டுதான் வரும். ஒவ்வொரு ரயருக்கும் குறைந்தது ஒரு மீற்றர் நீளத்துக்குப் பாதை வேண்டும். கார் வேகம் பிடிக்க அவ்வளவு இடம் தேவை. பாதையின் கடைசி, குழியின் விளிம்பு மாதிரிச் செங்குத்தாக இல்லாமல் சரிவாக இருக்கட்டும்.

ஐஸ் குழி என்றால் விளிம்பை உடைத்துச் சரிவாக்குங்கள். வீட்டில் அலவாங்கு இருந்தால் அதுதான் சிறந்த ஆயுதம், ரயரில் மட்டும் படாமல் குத்துங்கள். கேத்தலில் சுடுதண்ணீர் கொண்டுவந்து ஊற்றாதீர்கள். ஊற்றும்போது உருகுவது போலத்தான் இருக்கும், மைனஸ் 10இல் சில நிமிடங்களில் முன்பைவிட வழுவழுப்பான ஐஸ் தயாராகிவிடும். அந்தத் தம்பியின் கையிலும் ஒரு கேத்தல் இருந்தது. வாங்கித் தேத்தண்ணி போட்டோம்.

வாசல் வரம்பின் எடையைக் குறைத்து நினைக்காதீர்கள். பஞ்சுபோல விழுந்த புதுப்பனி அல்ல அது, ட்ரக் அழுத்தி ஈரமும் சேர்ந்தது. 3 மீற்றர் அகலம், 1 மீற்றர் தடிப்பு, அரை மீற்றர் உயரம் என்றால் அரை டன்னுக்கு மேல் வரும். அதிகாலைக் குளிரில், வெறும் வயிற்றில், அவசரமாக அள்ளுவது நெஞ்சுக்குக் கூடாத வேலை. பாதி ஷவல் அள்ளுங்கள், தூக்குவதைவிடத் தள்ளுங்கள். நெஞ்சு இறுகினாலோ கை விறைத்தாலோ ஷவலைப் போட்டுவிட்டு 911ஐ அழையுங்கள். ஐம்பதைத் தாண்டியவர்களும் சர்க்கரை, இரத்த அழுத்தம் உள்ளவர்களும் தோண்டும் பொறுப்பை இளையவர்களிடம் விடுவதில் மானக்கேடு ஒன்றுமில்லை.

அள்ளியதை வீதியில் எறியக்கூடாது. ஒன்ராறியோவில் அது குற்றம், பின்னால் வரும் காருக்கும் அதுவே பொறி. உங்கள் புல்தரையில் போடுங்கள்.

5. ரயருக்குக் கீழே பிடிமானம் போடுங்கள்

தோண்டி முடித்தபின்தான் மணல். முதலே கொட்டினால் தோண்டும்போது மணலையும் அள்ளி எறிவீர்கள்.

இயங்கும் சில்லுகளுக்கு முன்னால், ரயர் நிலத்தைத் தொடும் இடத்தில் இடுக்கிவிட்டாற்போல் போடுங்கள். அங்கிருந்து பாதை நெடுக மெல்லியதாகத் தூவுங்கள். எந்தச் சில்லு இயங்குகிறது என்று தெரியாவிட்டால் நினைவு கொள்ளுங்கள், இங்கே ஓடும் சிறிய கார்களில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு முன்சில்லுதான்.

உப்பு ஏன் இல்லை? உப்பு ஐஸை உருக்கும், ஆனால் அதற்கு நேரம் வேண்டும். சாதாரண உப்பு மைனஸ் 10ஐத் தாண்டிய குளிரில் அநேகமாக வேலை செய்யாது. உருகும் நேரத்திலோ ஐஸுக்கு மேல் ஒரு நீர்ப்படலம் நிற்கும், அதைவிட வழுக்குவது வேறில்லை. மணல் உருக்காது, ஐஸில் பதிந்து நிற்கும். குளிர் எவ்வளவானாலும் அந்த நொடியே பிடிக்கும். நாளைக்கு வாசல் வழுக்காமல் இருக்க உப்புப் போடுங்கள், இன்றைக்குக் கார் வெளியே வர மணல் போடுங்கள்.

மணல் இல்லையென்றால் பூனைக்கு வைக்கும் களிமண் துகள் உதவும். அதில் நனைந்தால் கட்டியாகும் வகை வேண்டாம், சேறாகிவிடும். அடுப்புச் சாம்பல், மரப்பட்டைத் துண்டு, காய்ந்த கிளை எதுவும் பரவாயில்லை. காரின் தரை விரிப்பு கடைசி வழி. முள்முள்ளாக இருக்கும் பக்கம் பனியைப் பார்க்க, விளிம்பை ரயருக்கு அடியில் நன்றாகச் செருகிப் போடுங்கள். ரயர் பிடித்ததும் விரிப்பு பின்னால் அம்பு மாதிரிப் பறக்கும், அந்தத் திசையில் யாரும் நிற்கக்கூடாது. நல்ல விரிப்பைப் போடாதீர்கள், அது திரும்பி வரும்போது விரிப்பாக இருக்காது.

ரயரில் காற்றைக் குறைத்தால் பிடிக்கும் என்று சிலர் சொல்வார்கள். ஓரளவு உண்மை. மைனஸ் 15இல் திரும்பக் காற்று ஏற்ற கையில் பம்ப் இருந்தால் செய்யுங்கள், இல்லாவிட்டால் விடுங்கள்.

6. காருக்குள் ஏறியதும் செய்ய வேண்டியவை

ஸ்ரியரிங்கை நேராக்குங்கள். திரும்பிய முன்சில்லு பனியைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு நிற்கும், நேரான சில்லுக்குத் தடை குறைவு.

வழுக்கலைத் தடுக்கும் கட்டுப்பாட்டை நிறுத்துங்கள். ஒரு காரின் படமும் அதற்குப் பின்னால் வளைந்த இரண்டு கோடும் போட்ட பொத்தான் அது. ஓடும்போது அது உயிர்காப்பது, மாட்டி நிற்கும்போது தடை. சில்லு கொஞ்சம் சுழன்றாலே அது இயந்திரத்தின் விசையைக் குறைத்துவிடும், கார் மூச்சுத் திணறினாற்போல் நிற்கும். நான்கு சில்லும் இயங்கும் சில கார்களில் அதை விட்டுவைத்தாலே நன்றாக வேலை செய்கிறது. ஆகவே முதலில் போட்டபடி ஒருமுறை, நிறுத்தி ஒருமுறை பாருங்கள்.

காரில் பனியில் ஓட்டுவதற்கான தெரிவு (snow mode) இருந்தால் அதைப் போடுங்கள். கியரைக் கையால் மாற்றும் காரென்றால் இரண்டாவது கியரில் எடுங்கள். முதல் கியரின் விசை இந்த இடத்துக்கு அதிகம்.

கண்ணாடிகளையும் கூரையையும் இப்போதே துடையுங்கள். கார் வெளியே பாய்ந்த பிறகு பார்ப்பதற்கு நேரம் இருக்காது.

7. ஊஞ்சல் ஆட்டுவது

ஊஞ்சலை ஒரே தள்ளில் உச்சிக்கு அனுப்ப முடியுமா? ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்றுவோம். இதுவும் அப்படித்தான்.

ட்றைவில் போட்டு, பிறேக்கை விட்டு, முட்டையை மிதிப்பதுபோல் காஸைத் தொடுங்கள். கார் ஓர் அடி நகர்ந்து தயங்கும். சுழலத் தொடங்குமுன் காலை எடுங்கள். பிறேக்கைப் பிடித்துக் காரை முழுதாக நிறுத்தி, றிவேர்ஸில் போட்டு அதேபோல் பின்னால். திரும்ப முன்னால். ஒவ்வொரு தடவையும் ஒரு சாண் கூடுதலாகப் போகும். பாதை இறுகி நீண்டுகொண்டே வரும், கடைசியில் ஒரு தடவை கார் விளிம்பைத் தாண்டிவிடும்.

பிழை நடப்பது கியர் மாற்றும் இடத்தில். சில்லு சுழன்றுகொண்டிருக்கும்போதே ட்றைவிலிருந்து றிவேர்ஸுக்குத் தட்டினால் கியர்பெட்டி போய்விடும். அதைத் திருத்தும் காசில் பத்து இழுவை வண்டி கூப்பிடலாம். முழு நிறுத்தம், பிறேக்கில் கால், அப்புறம் கியர்.

ஐந்தாறு தடவையில் முன்னேற்றம் இல்லை என்றால் நிறுத்திவிட்டு இறங்குங்கள். இன்னும் தோண்ட வேண்டிய இடம் இருக்கிறது என்று அர்த்தம். கியர்பெட்டியும் ஆறட்டும்.

8. தள்ள ஆட்கள் வந்தால்

இந்த ஊரில் ஒரு நல்ல பழக்கம், மாட்டிய காரைக் கண்டால் வழியில் போகிறவரும் இறங்கிவந்து தள்ளுவார். இரண்டு பேர் ஒழுங்காகத் தள்ளினால் போதும்.

டிக்கியின் விளிம்பிலோ பின் மூலைகளிலோ கையை வைக்க வேண்டும். கண்ணாடியிலும் பிளாஸ்டிக் அலங்காரத்திலும் வைக்கக்கூடாது. சுழலும் சில்லுக்கு நேர் பின்னால் யாரும் நிற்கக்கூடாது, மணலும் கல்லும் முகத்தில் அடிக்கும். கார் சரிவில் நின்றால் கீழ்ப்பக்கத்திலிருந்து தள்ளவே வேண்டாம், வழுக்கி விழுந்தவர்மேல் கார் இறங்கும். காருக்கும் சுவருக்கும் இடையிலும் ஆள் கூடாது.

ஓட்டுபவர் கண்ணாடியை இறக்கிவைத்து, எண்ணுவதை ஒருவரிடம் விடுங்கள். “ஒண்டு, ரண்டு, மூண்டு” என்றதும் அவர்கள் முதலில் தள்ள வேண்டும், கார் அசைந்த பிறகுதான் காஸைத் தொட வேண்டும். நம் ஆட்கள் இதைத் தலைகீழாகச் செய்வார்கள்: அவர் காஸை அமத்துவார், இவர்கள் சேற்றுப்பனி குடிப்பார்கள். “நில்” என்ற சொல் யார் வாயிலிருந்து வந்தாலும் உடனே நிறுத்த வேண்டும்.

9. இன்னொரு வாகனத்தால் இழுப்பது

இதை நான் விரும்பிச் செய்வதில்லை. செய்தே ஆகவேண்டுமென்றால், பம்பரில் இருக்கும் சிறிய மூடியைக் கழற்றி இழுவைக் கொளுக்கியை முழுதாக முறுக்குங்கள். சில கார்களில் மரை இடப்பக்கமாகத் திருப்பினால்தான் ஏறும். பம்பரிலோ சில்லுக்குள் தெரியும் தண்டுகளிலோ கயிறு கட்டினால் அவை கழன்று வரும். இழுப்பதற்கென்றே விற்கும் துணிப்பட்டியைப் பாவியுங்கள், சங்கிலி வேண்டாம். பட்டி இறுகும் வரை மெதுவாகப் போய், அதன்பின் இழுக்க வேண்டும். பட்டியின் நடுவில் ஒரு கனத்த ஜாக்கெட்டைப் போடுங்கள், அறுந்தால் பறக்கும் வேகம் குறையும். மற்றவர்கள் பட்டியின் நீளத்துக்கு அப்பால் நிற்கட்டும்.

10. பெருந்தெருவில் மாட்டினால்

401, 400 போன்ற பெருந்தெருக்களில் கார் சறுக்கி ஓரப் பள்ளத்தில் இறங்கிவிட்டதென்றால் மேலே சொன்ன எதுவும் வேண்டாம். இறங்கித் தோண்டிக்கொண்டிருப்பவரை அடுத்து சறுக்கி வரும் கார் மோதும். அபாய விளக்கைப் போட்டு, பெல்ற்றோடு உள்ளே இருந்து, உதவிக்கு அழையுங்கள். அழைக்காமலே வந்து நிற்கும் இழுவை வண்டியில் அவசரப்பட்டு ஏற்றாதீர்கள். விலையை எழுத்தில் கேளுங்கள், ஒப்புதல் படிவத்தைப் படித்துக் கையெழுத்திடுங்கள்.

பனிப்புயலில் வீதியே அடைபட்டால் காரைவிட்டு நடக்கக் கூடாது. 2010 டிசம்பரில் சார்னியாவுக்கு அருகே 402ஆம் பெருந்தெருவில் நூற்றுக்கணக்கானோர் மாட்டி, இராணுவ ஹெலிகொப்ரர் வந்து தேட வேண்டியதாயிற்று. அப்படிப்பட்ட நேரத்தில் மணிக்குப் பத்து நிமிடம் மட்டும் இயந்திரத்தை ஓட்டுங்கள். ஓட்டுவதற்கு முன் ஒவ்வொரு தடவையும் புகைக்குழாயைத் தோண்டி, காற்று அடிக்காத பக்கக் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்குங்கள். போர்வை டிக்கியில் இருக்கக் காரணம் இதுதான். குளிர்காலத்தில் எரிபொருள் அரைத் தாங்கிக்குக் கீழே போகவிடாதீர்கள் என்று சொல்வதற்கும்.

11. வெளியே வந்த பிறகு

நின்றுவிடாதீர்கள். நன்றி சொல்ல அந்த இடத்திலேயே பிறேக் பிடித்து மறுபடி மாட்டியவர்களை எனக்குத் தெரியும். இறுகிய, சமமான இடம் வரை போய் நிறுத்தி, அங்கிருந்து திரும்பி நடந்து வந்து ஷவலை எடுங்கள்.

நிறுத்திவைத்த கட்டுப்பாட்டைத் திரும்பப் போடுங்கள். பிறேக்கை இரண்டு மூன்று தடவை மெதுவாகப் பிடித்துப் பாருங்கள், ஈரம் காயும். அடியில் பிளாஸ்டிக் மூடி ஏதும் தொங்குகிறதா என்று குனிந்து பாருங்கள்.

70, 80இல் போகும்போது ஸ்ரியரிங் நடுங்கினால் பதற வேண்டாம். சில்லின் உட்பக்கம் பனி அப்பியிருக்கும், எடை சமநிலை குலைந்து ஆடும். பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி ஷவல் நுனியால் தட்டிவிட்டால் நடுக்கம் போய்விடும். இது தெரியாமல் நேராக மெக்கானிக்கிடம் ஓடி அலைன்மன்ற் செய்யக் காசு கொடுத்தவர்கள் பலர்.

மாலையில் வேலை முடிந்து வந்து கைப்பிறேக் போடாமல் பார்க்கில் மட்டும் விடுங்கள், நனைந்த கைப்பிறேக் இரவில் உறைந்து பிடித்துக்கொள்ளும். நிறுத்துவதற்கு முன் காலையில் உண்டான குழிகளை உடைத்து நிரவி, கொஞ்சம் மணல் தூவுங்கள். காரின் முகம் வீதியைப் பார்க்க நிறுத்தினால் நாளைக்கு வரம்பு எவ்வளவு உயரம் என்று இருக்கையில் இருந்தபடியே தெரியும். ஜாடியில் மணலைத் திரும்ப நிரப்பிவிட்டுத்தான் உள்ளே போங்கள்.